பல்கலைக்கழகத்தின் கட்டணமில்லா உரைகளுக்கு வெளியிலிருந்து போவது எப்படி

பல்கலைக்கழக அறிவிப்புகளின் அடியில் "அனுமதி இலவசம், அனைவரும் வரலாம்" என்று ஒரு வரி இருக்கும். அனைவரும் என்றால் அங்கே படிப்பவர்களைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணிக் கடந்துபோகிறவர்கள் ஏராளம். என்னுடன் வேலை செய்பவர்களில் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் கணக்கர். பற்று வரவு பார்ப்பதும் தணிக்கைக்குத் தாள்களை ஒழுங்குபடுத்துவதும் என் வேலை. எந்தப் பல்கலைக்கழகத்தோடும் எனக்கு உத்தியோகத் தொடர்பு கிடையாது. ஆனாலும் மனிதவியல் மையங்கள் நடத்தும் கூட்டங்களுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். அறிவிப்பில் இருக்கும் அந்த வரியை அப்படியே நம்பலாம். எந்தக் கூட்டத்துக்குப் போவது, எப்படிப் போவது, போனபின் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மனிதவியல் மையம் என்பது இலக்கியம், வரலாறு, தத்துவம், மொழி, சமயம், கலை போன்ற துறைகளில் இருப்பவர்களை ஒரே இடத்தில் சேர்த்து ஆய்வும் பொது நிகழ்ச்சிகளும் நடத்தும் பல்கலைக்கழக அமைப்பு. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டவுன்சென்ட் மையம் 1987இல் தொடங்கியது. கேம்பிரிட்ஜின் கிராஷ் 2001இலும் ஆக்ஸ்போர்டின் டார்ச் 2013இலும் வந்தன. இத்தகைய மையங்களுக்கு 1988 முதல் ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பே (CHCI) இருக்கிறது.

ஆனால் ஊராருக்கு உரை நிகழ்த்தும் வழக்கம் இந்த மையங்களைவிட மிகப் பழையது. லண்டன் வணிகர் சர் தாமஸ் கிரெஷாம் தம் உயிலில் எழுதிவைத்தபடி 1597இல் கிரெஷாம் கல்லூரி தொடங்கப்பட்டது. வானியல், வடிவியல், சட்டம், மருத்துவம், இசை, இறையியல், சொல்லாட்சி என்று ஏழு துறைகளுக்கு ஏழு பேராசிரியர்கள். உரைகள் லத்தீனிலும் நடந்தன, ஊர்மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் ஆங்கிலத்திலும் நடந்தன. அந்தக் கல்லூரி பட்டம் கொடுப்பதில்லை. பொது உரை நிகழ்த்துவதுதான் அதன் வேலை. இன்றும் கட்டணமின்றி நிகழ்த்திக்கொண்டிருக்கிறது. ஸ்காட்லாந்தில் நீதிபதியாக இருந்த ஆடம் கிஃபோர்ட் 1885இல் எழுதிய உயிலில், தம் பணத்தில் நடக்கும் சொற்பொழிவுகள் மாணவர்களுக்கு மட்டுமின்றிச் சமூகம் முழுமைக்கும் திறந்திருக்க வேண்டும், பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று தெளிவாகவே எழுதினார். எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களில் 1888 முதல் அந்த உரைகள் நடந்துவருகின்றன. பணம் கொடுத்தவர்களின் மனத்தில் நாம் இருந்திருக்கிறோம். வாசலில் தயங்கி நிற்க எந்தக் காரணமும் இல்லை.

எங்கே தேடுவது

பல்கலைக்கழகத்தின் பொது நாட்காட்டியைத் திறந்தால் விளையாட்டுப் போட்டி, சேர்க்கை முகாம், ஊழியர் கூட்டம் எல்லாம் கலந்து வரும்; நமக்கு வேண்டியது அதில் மூழ்கிப்போகும். நேராக மனிதவியல் மையத்தின் நிகழ்ச்சிப் பட்டியலுக்குப் போவதே நல்லது. உங்களுக்கு அருகில் அப்படி ஒரு மையம் இருக்கிறதா என்று தெரியாவிட்டால், நான் மேலே சொன்ன பன்னாட்டுக் கூட்டமைப்பின் உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். மையம் என்ற பெயரே இல்லாத பல்கலைக்கழகங்களில் வரலாற்றுத் துறை, நூலகத்தின் அரிய நூல் பிரிவு, அருங்காட்சியகம் ஆகிய மூன்று இடங்களில் தேடினால் ஏதேனும் கிடைக்கும். அரிய நூல் பிரிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே நடக்கும் சிறு கூட்டங்களில் பழைய ஏடுகளையும் வரைபடங்களையும் மேசைமீது எடுத்து வைத்துக் காட்டுவார்கள். அச்சுப் படத்தில் பார்த்த பொருளைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்ப்பது வேறு அனுபவம்.

பருவத் தொடக்கத்தில் ஒருமுறை முழுப் பட்டியலையும் நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான மையங்கள் கல்வியாண்டுக்கு ஒரு பொதுக் கருப்பொருளை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி உரைகளை அமைக்கும். நினைவாற்றல், தண்ணீர், உழைப்பு, இடப்பெயர்வு போன்றவை அடிக்கடி வரும் கருப்பொருள்கள். கருப்பொருள் பிடித்திருந்தால் அந்த ஆண்டு முழுவதும் தொடர்ந்து போகலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போவதைவிட அதில் பலன் அதிகம். முதல் உரையில் கேட்ட பெயர் மூன்றாவது உரையில் மறுபடி வரும்போது பாதி வேலை முடிந்துவிடும்.

அறிவிப்பைப் படிப்பது

இது கற்றுக்கொள்ள வேண்டிய கலை என்றே சொல்வேன். தவறான கூட்டத்துக்குப் போய் ஒன்றும் புரியாமல் திரும்பியவர்கள், ‘இதெல்லாம் நமக்கு எட்டாது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கூட்டத்தின் வகை பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

உரைத் தலைப்புகள் பெரும்பாலும் இரண்டு துண்டாக இருக்கும். முதல் துண்டு கவர்ச்சியான ஒரு தொடர். முக்காற்புள்ளிக்குப் பிறகு வருவதுதான் பொருள்: எந்த நூற்றாண்டு, எந்த நிலப்பகுதி, எந்த ஆவணம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். இரண்டாவது துண்டை முதலில் படியுங்கள். பிறகு உரைச்சுருக்கத்துக்கு வாருங்கள். அதில் ஒரு மனிதரோ, பொருளோ, இடமோ, சம்பவமோ பெயர் சொல்லப்பட்டிருந்தால் உரையில் பிடித்துக்கொள்ள ஏதேனும் இருக்கும். கோட்பாட்டுப் பெயர்கள் மட்டுமே அடுக்கப்பட்டிருந்தால், அது அந்தத் துறையினர் தமக்குள் பேசிக்கொள்ளும் கூட்டமாக இருக்க வாய்ப்புண்டு. போகக் கூடாது என்று சொல்லவில்லை. முதல் கூட்டமாக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்கிறேன்.

வகைகளில் எல்லோருக்கும் தெரிந்தது அறக்கட்டளைச் சொற்பொழிவு. பெரிய அரங்கு, புகழ்பெற்ற உரையாளர். ஹார்வர்டில் 1925இல் நிறுவப்பட்ட நார்ட்டன் சொற்பொழிவுகளை இன்று அங்குள்ள மகிந்திரா மனிதவியல் மையம் நடத்துகிறது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சிம்ப்சன் மையம் காட்ஸ் சொற்பொழிவுகளை நடத்துகிறது. இவை பொதுமக்களை மனத்தில் வைத்தே தயாரிக்கப்படுவதால் மொழி எளிதாக இருக்கும். அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1967-68இல் நார்ட்டன் உரைகளை நிகழ்த்தியபோது அவருக்குக் கண் பார்வை ஏறத்தாழ இல்லை. கையில் குறிப்பு எதுவும் இல்லாமல் நினைவிலிருந்தே கவிதையைப் பற்றிப் பேசினார். அந்த ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்து, பிறகு கண்டெடுக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில்தான் நூலாயின. அன்று அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் உலகத்துக்கு முப்பது ஆண்டுகள் முன்பாகவே அதைக் கேட்டுவிட்டார்கள். பெரிய உரைகளுக்கு நேரில் போவதன் மதிப்பு அதில் இருக்கிறது.

1978இல் தொடங்கிய டேனர் சொற்பொழிவுகள் பல பல்கலைக்கழகங்களில் சுற்றிச் சுற்றி நடப்பவை. உரை முடிந்ததும் வேறு துறை அறிஞர்கள் அதற்கு மறுமொழி சொல்வது அவற்றில் வழக்கம். மறுமொழி நடக்கும் அமர்வில் கூட்டம் குறைவாக இருக்கும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் அதற்குத்தான் போவேன். உரையாளர் சொன்னது எங்கே உறுதியானது, எங்கே ஆட்டம் காண்கிறது என்பது அங்கேதான் வெளிப்படும்.

முதன்முறை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது நூல் உரையாடல். புதிதாக நூல் எழுதிய பேராசிரியரோடு வேறு துறையைச் சேர்ந்த ஓரிருவர் அமர்ந்து பேசுவார்கள். டவுன்சென்ட் மையமும் ஆக்ஸ்போர்டின் டார்ச்சும் மதிய வேளையில் இதற்கென்றே தனி வரிசை நடத்துகின்றன. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பேசுகிறவர்கள் வெவ்வேறு துறையினர் என்பதால் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த விளக்கம் நமக்கும் உதவும்.

அடுத்தது, பலர் எட்டிப்பார்க்காத வகை: கட்டுரையை முன்கூட்டியே அனுப்பிவிட்டு நடத்தும் சிறு கருத்தரங்கு. பதிவு செய்தவர்களுக்கு ஒரு வாரம் முன்பாகக் கட்டுரை வரும். கூட்டத்தில் அதை யாரும் படித்துக்காட்ட மாட்டார்கள், நேராக விவாதம்தான். ஒரே மேசையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அறிவிப்பில் பொதுமக்களுக்கு அனுமதி என்று இருந்தால் தயங்காமல் போகலாம். ஒரே நிபந்தனை, கட்டுரையைப் படித்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஐந்நூறு பேர் இருக்கும் அரங்கைவிட இந்த அறையே சிறந்தது. எழுதி முடிக்காத ஒரு சிந்தனையை அதன் ஆசிரியர் நம் கண்முன்னே திருத்திக்கொள்வதைப் பார்க்கலாம். கட்டுரையின் தலையில் ‘மேற்கோள் காட்டவோ பகிரவோ வேண்டாம்’ என்று குறிப்பு இருக்கும். அதை மதியுங்கள். அது அச்சேறாத வரைவு. நண்பர்களுக்குக்கூட அனுப்பக் கூடாது.

பயிலரங்குகள் என்றால் கையால் ஏதேனும் செய்து பார்ப்பவை: பழைய கையெழுத்துகளை வாசிப்பது, ஈய எழுத்து கோத்து அச்சிடுவது, முதியவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வது போன்றவை. இடம் குறைவு என்பதால் பதிவு திறக்கும் நாளிலேயே நிரம்பிவிடும். மாநாடுகளைப் பொறுத்தவரை, ஒருநாள் முழுவதும் இருக்க வேண்டியதில்லை. பிடித்த ஓர் அமர்வுக்கு மட்டும் போய்வரலாம். சில மாநாடுகளுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் அவற்றின் சிறப்புரை மட்டும் பொதுமக்களுக்குத் திறந்திருப்பதுண்டு, அதைத் தனியே பாருங்கள்.

பல்கலைக்கழக வளாகமே மிரட்சியாக இருக்கிறது என்கிறவர்கள் விழாக்களில் தொடங்கலாம். பிரிட்டனில் லண்டன் பல்கலைக்கழகத்தின் உயர் ஆய்வுப் பள்ளி 2014 முதல் ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு மனிதவியல் விழாவை முன்னின்று நடத்துகிறது. நிகழ்ச்சிகளை நூலகம், அருங்காட்சியகம், தெரு நடை என்று வளாகத்துக்கு வெளியே கொண்டுவருவதே அதன் நோக்கம்.

பதிவும் வழியும்

இலவச நிகழ்ச்சிக்கும் பெரும்பாலும் முன்பதிவு கேட்பார்கள். படிவத்தில் ‘நிறுவனம்’ என்ற கட்டம் இருக்கும். அங்கே ‘பொதுமக்கள்’ என்றோ உங்கள் தொழிலையோ எழுதுங்கள். வெற்றாக விடாதீர்கள், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். பதிவு நிரம்பிவிட்டது என்று வந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு, அன்று நேரிலும் போய்ப் பாருங்கள். கட்டணம் இல்லாத கூட்டத்துக்குப் பதிவு செய்தவர்களில் ஒரு பகுதியினர் வருவதே இல்லை. தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பு காலி இருக்கைகளை வெளியே நிற்பவர்களுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். இதற்கு மறுபக்கமும் உண்டு: நீங்கள் பதிவு செய்திருந்தாலும் தாமதமாகப் போனால் இருக்கை உறுதியில்லை. போக முடியாவிட்டால் பதிவை ரத்து செய்யுங்கள். அந்த இடம் யாரோ ஒருவருக்குப் பயன்படும்.

சைகை மொழிபெயர்ப்பு, திரையில் ஓடும் எழுத்து வரிகள், சக்கர நாற்காலிக்கான வழி, காது கேட்கும் கருவிக்கான வசதி ஆகியவற்றுள் எது தேவையானாலும் அறிவிப்பில் இருக்கும் முகவரிக்கு எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய நாள் பிடிக்கும், அதனால் இரண்டு வாரம் முன்னதாகக் கேட்பது நல்லது. தயங்கத் தேவையில்லை, பல மையங்களில் இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியிருப்பார்கள்.

வளாகத்தில் வழி தவறுவது எளிது. கட்டடத்தின் பெயரும் அரங்கின் பெயரும் வெவ்வேறாக இருக்கும். மாலையில் பக்கவாசல்களைப் பூட்டிவிடுவார்கள், முதன்மை வாசல் மட்டும் திறந்திருக்கும். சில இடங்களில் அடையாள அட்டை கேட்பார்கள். முதல்முறை கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் ஒரு மணி நேரம்

உரையாளரின் நூலைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஒரு மணி நேரம் போதும், ஆனால் அதைச் சரியான இடத்தில் செலவிட வேண்டும். உரை எதைப் பற்றியதோ அந்தப் பொருளையே பாருங்கள். அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு கவிதையைப் பற்றிய உரை என்றால் அந்தக் கவிதையை இருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஓவியம் என்றால் பெரிய படமாக இணையத்தில் தேடி எடுத்துப் பத்து நிமிடம் வெறுமனே பாருங்கள். வரலாற்றுச் சம்பவம் என்றால் ஆண்டுகளையும் இடங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மிச்ச நேரத்தில், உரையாளர் பொதுவாசகர்களுக்காக எழுதிய சிறு கட்டுரை ஏதேனும் இருந்தால் படிக்கலாம். இவ்வளவு செய்துவிட்டுப் போனால், படங்கள் திரையில் வரும்போது நமக்கு முன்பே பழக்கமானவையாக இருக்கும். கவனம் முழுவதும் அவர் சொல்வதன்மீது நிற்கும்.

உரை நடக்கும்போது

மனிதவியல் அறிஞர்களில் பலர் உரையை எழுதிவைத்துத்தான் படிப்பார்கள். சொல்லைத் தேர்ந்து வைப்பது அவர்கள் தொழிலின் ஒரு பகுதி. ஆனால் எழுத்து வாக்கியம் காதில் விழும்போது நீளமாக இருக்கும்; ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததும் நழுவும். இதற்கு ஒரு வழி உண்டு. முதல் பத்து நிமிடங்களில் இரண்டு விஷயங்களை மட்டும் தேடுங்கள்: இவர் கேட்கும் கேள்வி என்ன, இதுவரை மற்றவர்கள் சொன்னவற்றில் எதை மறுக்கிறார். இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் நடுவில் சில நிமிடங்கள் கவனம் சிதறினாலும் மீண்டும் வந்து சேர்ந்துகொள்ளலாம். தெரியாத பெயர்கள் வரிசையாக வரும்போது கலங்க வேண்டாம். காதில் விழுந்தபடி குறித்துவைத்துவிட்டு மேலே செல்லுங்கள். அரங்கில் இருக்கும் பேராசிரியர்களுக்கும் அவற்றில் பாதி தெரிந்திருக்காது, அவர்கள் வேறு துறையினர்.

குறிப்பெடுக்க நான் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்வேன், தொழில் பழக்கம். இடப்பக்கம் அவர் சொன்னது, வலப்பக்கம் எனக்குத் தோன்றியது. கூட்டம் முடியும்போது வலப்பக்கத்தைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி அங்கே தயாராக இருக்கும்.

உரைக்கும் கேள்வி நேரத்துக்கும் நடுவே கைதட்டல் எழும். வேலை இருப்பவர்கள் அப்போது எழுந்து போகலாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். முடிந்தால் போகாதீர்கள்.

கேள்வி கேட்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளியாட்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை, அது எல்லோருக்கும் இழப்பு.

பதினெட்டாம் நூற்றாண்டு வணிகக் குடும்பம் ஒன்றைப் பற்றிய உரைக்கு ஒருமுறை போயிருந்தேன். உரையாளர் வரலாற்றாசிரியர். அந்தக் குடும்பத்தின் பேரேட்டிலிருந்து சில பக்கங்களைத் திரையில் காட்டினார். அவர் ஆராய்ந்தது அதில் வரும் பெயர்களை: யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள், யாருக்கும் யாருக்கும் உறவு என்பதை. என் கண் பழக்கத்தில் பக்கத்தின் தலைக்கும் அடிக்கும் போனது. ஒரு பக்கத்தின் அடியில் இருந்த இருப்புத் தொகையும் அடுத்த பக்கத்தின் தலையில் முன்கொணரப்பட்ட தொகையும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் கையெழுத்து மாறியிருந்தது. கணக்கு வேலையில் இருப்பவர் யாருக்கும் அது உடனே உறுத்தும்: நடுவில் ஆள் மாறியிருக்கிறார், மாறியவர் பழைய கணக்கைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டிருக்கிறார். கேள்வி நேரத்தில் கையைத் தூக்கி, "அந்த இரண்டு பக்கங்களையும் எழுதியது ஒரே ஆளா?" என்று கேட்டேன். அவர் படத்தை மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார். அரங்கு முழுவதும் அந்தப் பக்கத்தைப் பார்த்தது. கணக்கு எழுதியவர் யார் என்ற கோணத்தில் தாம் அந்தப் பேரேட்டைப் பார்த்ததில்லை என்றார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, பிழைதிருத்தங்களை அக்காலத்துக் கணக்கர்கள் எப்படிக் காட்டுவார்கள் என்று நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தொகையையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப்பதிவு முறையை லூக்கா பச்சோலி 1494இல் வெனிசில் அச்சிட்ட நூலில் விளக்கினார்; அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. அதனால்தான் அந்தப் பக்கத்தை என்னால் படிக்க முடிந்தது.

உங்கள் தொழிலிலும் இப்படி ஒன்று இருக்கும். தையல் தெரிந்தவர் பழைய ஓவியத்தில் இருக்கும் ஆடையின் வெட்டைப் பார்த்து ஒன்று கேட்கலாம். செவிலியர் நோயைப் பற்றிய நாவலில் மற்றவர் காணாததைக் காண்பார். கப்பலில் வேலை செய்தவருக்குக் கடற்பயணக் குறிப்பில் எது கற்பனை, எது அனுபவம் என்று தெரியும். இவற்றை அரங்கில் வேறு யாராலும் கேட்க முடியாது.

கேட்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். ஒரே ஒரு கேள்வி, முடிந்தால் ஒரே வாக்கியம். ‘எனக்கு இதில் ஒன்றும் தெரியாது, இருந்தாலும்’ என்று தொடங்காதீர்கள். அது கேள்வியின் பலத்தைக் குறைத்துவிடும். ‘நான் இன்ன வேலை செய்கிறேன்’ என்று சொல்லிக்கொள்வது வேறு. அது உரையாளருக்கு உதவும், எந்தக் கோணத்திலிருந்து கேட்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். திரையில் காட்டிய படத்தையோ அவர் சொன்ன ஒரு சொற்றொடரையோ சுட்டிக்காட்டிக் கேட்டால் பதில் துல்லியமாக வரும். கேள்வி என்ற பெயரில் சொந்த உரை நிகழ்த்துகிறவர்கள் எல்லா அரங்கிலும் உண்டு. அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் மூன்று பேர் கேட்டிருக்கலாம்.

மைக் வரும்வரை காத்திருங்கள். உங்கள் குரல் அரங்குக்குக் கேட்டாலும், நேரலையில் பார்ப்பவர்களுக்கும் எழுத்து வரிகளை நம்பியிருப்பவர்களுக்கும் கேட்காது. கேள்வி நேரம் தொடங்கியதும் அரங்கில் ஓர் அமைதி இருக்கும், யாரும் கை தூக்க மாட்டார்கள். உங்களிடம் கேள்வி இருந்தால் அதுதான் நல்ல நேரம். முதல் கேள்வி வந்துவிட்டால் மற்றவர்களின் தயக்கமும் உடைந்துவிடும். நெறியாளரும் மனத்துக்குள் நன்றி சொல்வார். வாய்ப்புக் கிடைக்காவிட்டால் முடிந்ததும் மேடை அருகே போய்க் கேளுங்கள். அங்கும் கூட்டமாக இருந்தால் ஓரிரு நாளில் மின்னஞ்சல் எழுதுங்கள். பேராசிரியர்களின் முகவரி அவரவர் துறைப் பக்கத்தில் இருக்கும். நான்கு வரி போதும்: எந்த உரை, எந்தப் பகுதி, என்ன கேள்வி. எனக்குப் பெரும்பாலும் பதில் வந்திருக்கிறது.

வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு

பல மையங்கள் உரைகளை நேரலையாகவும் தருகின்றன. ‘நேரலை’ என்றால் பார்க்க மட்டும் முடியும். ‘ஜூம் கூட்டம்’ என்றால் கேள்வியும் கேட்கலாம். பதிவு செய்யும்போது எது என்று பாருங்கள். கேள்வியை உரை நடக்கும்போதே எழுதி அனுப்பிவிடுங்கள். கடைசியில் எழுதினால் வரிசையின் அடியில் போய்விடும். வேறு நாட்டு உரை என்றால் நேர மாற்றத்தைக் கவனியுங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்தள்ளுகின்றன. இடைப்பட்ட வாரங்களில் வழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். உரையின் ஒளிப்பதிவு பின்னர் வெளியாகுமா என்பது உரையாளரின் ஒப்புதலைப் பொறுத்தது. வெளிவராத வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் ஒப்புவதில்லை. அதனால் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

முடிந்த பிறகு

உடனே கிளம்பிவிடாமல் சற்று நின்றால் மையத்தில் வேலை செய்பவர்களைச் சந்திக்கலாம். பதிவு மேசையில் இருப்பவரிடம் பேசுங்கள். அடுத்து என்ன வருகிறது, எந்த வாசிப்பு வட்டத்தில் இடம் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வாசிப்பு வட்டங்களைப் பற்றிப் பல நேரங்களில் வெளியே அறிவிப்பே வராது, கேட்டால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

அடுத்த நாள் ஒரு கருத்துப் படிவம் வரும். அதைத் தவறாமல் நிரப்புங்கள். இந்த நிகழ்ச்சிகள் நமக்கு இலவசம். ஆனால் அரங்கு, பயணம், மொழிபெயர்ப்பு, ஒளிப்பதிவு எல்லாவற்றுக்கும் யாரோ பணம் கொடுக்கிறார்கள்: அறக்கட்டளை, அரசு நல்கை, பல்கலைக்கழக நிதி. அடுத்த ஆண்டுக்குப் பணம் கேட்கும்போது மையம் காட்ட வேண்டிய சான்றுகளில் முக்கியமானது வெளியிலிருந்து யார் வந்தார்கள் என்பது. பதிவுப் படிவத்தில் ‘பொதுமக்கள்’ என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான். நீங்கள் வந்தது ஒரு கணக்கில் ஏற வேண்டும். வரவுப் பக்கத்தில் எழுதப்படாத தொகையால் யாருக்கும் பயனில்லை.

‘நன்றாக இருந்தது’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பகுதி புரிந்தது, எங்கே தொலைந்துபோனீர்கள், அடுத்து எதைப் பற்றிக் கேட்க விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள். நேரத்தைப் பற்றியும் எழுதுங்கள். வேலை நாளில் மாலை நான்கு மணிக்கு உரை வைப்பது பல்கலைக்கழகங்களில் பழைய வழக்கம். அந்த நேரத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் யாரும் வர முடியாது. அனைவரும் வரலாம் என்று அறிவித்துவிட்டு அனைவரும் வர முடியாத நேரத்தை வைப்பது சரியில்லை என்று நான் ஒவ்வொரு படிவத்திலும் எழுதுகிறேன். ஆறரை மணிக்கு மேல், அல்லது சனிக்கிழமை முற்பகல். நீங்களும் உங்களுக்கு ஏற்ற நேரத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஒருவர் எழுதினால் தனிப்பட்ட கோரிக்கையாகப் போய்விடும், பலர் எழுதினால் அடுத்த பருவத்துக்கான அட்டவணையைப் போடும்போது அதை எடுத்துப் பார்ப்பார்கள்.